தொண்டி முதல் சாயல்குடி வரை: பிரசவ அறைகளைத் தேடி ஒரு கடலோரப் பயணம்

திங்கள், தொண்டி

மதுரையில் ஒரு சிறு அறக்கட்டளைக்கு வேலை பார்க்கிறேன். தாய்சேய் நலத்தில் புதிதாக ஏதாவது செய்ய நினைப்பவர்கள் பணம் கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களைப் படிப்பதுதான் வேலை. புதுக் கருவி, புதுச் செயலி, புதுப் பயிற்சி என்று மாதம் தவறாமல் வரும். கருவி நல்லதா என்பதைக் காகிதத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். நாம் கொடுத்த பணம் தீர்ந்த பிறகும் அது ஒரு கடற்கரை ஊரின் பிரசவ அறையில் இருக்குமா என்பதைக் காகிதம் சொல்லாது. அதைப் பார்க்கத்தான் ராமநாதபுரம் கடற்கரைக்கு வந்திருக்கிறேன். வடக்கே தொண்டியில் தொடங்கி, தெற்கே சாயல்குடி வரை போக உத்தேசம்.

கூட வருபவர் தங்கச்சிமடத்துக்காரர், ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர். எனக்கு அக்கா. இந்தக் கரையில் பாதிப் பேருக்கு நர்ஸம்மா. பேருந்தை விட்டு இறங்கி டீ குடிப்பதற்குள் ஒரு பெண் வந்து, "நர்ஸம்மா, நீங்க பிரசவம் பாத்த புள்ளைக்கு இப்ப கல்யாணம்" என்று பத்திரிகை நீட்டினார்.

தொண்டி பழைய துறைமுக ஊர். நாங்கள் போனது அதற்குப் பக்கத்திலுள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மருந்தறையில் அக்கா முதலில் எடுத்தது பாஸ்புக்கை. வெளியாட்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டதிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து போய்ச் சேரும் முறையே மாறியது. ஒவ்வொரு நிலையத்துக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று தொகை ஒதுக்கி, பாஸ்புக்கில் பதிந்து, மாவட்டக் கிடங்கிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பட்டியலில் ஒரு மருந்து ஏறிவிட்டால் தொண்டிக்கும் வரும், தோவாளைக்கும் வரும்.

"தம்பி, நல்ல பொருள்னா அது இண்டென்ட்ல வரணும். யாரோ கொண்டாந்து குடுத்து, போட்டோ எடுத்துட்டுப் போனா, அது தீர்ந்த அன்னைக்கே கதை முடிஞ்சுரும்" என்றார் அக்கா. இண்டென்ட் என்பது நிலையம் கிடங்குக்கு எழுதிக் கேட்கும் பட்டியல்.

தமிழ்நாட்டில் 2001-03இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் 54. அதே காலத்தில் நாட்டின் கணக்கு 301லிருந்து 97க்கு வந்தது. இந்த இறக்கத்துக்குக் காரணமாக ஒரே ஒரு கண்டுபிடிப்பைக் காட்ட முடியாது. இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸ்கள், அவசர அறுவைக்கும் ரத்தத்துக்கும் சீமாங்க் மையங்கள், 2008 செப்டம்பரில் வந்த 108 வண்டி, ஒவ்வொரு தாய் இறப்பையும் உட்கார்ந்து ஆராயும் கூட்டம். எல்லாமே மாதாமாதம் சம்பளமும் டீசலும் கேட்கும் வேலைகள்.

செவ்வாய், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம்

காலையிலேயே வெயில் சுள்ளென்று இருந்தது. திருப்பாலைக்குடியில் நண்டு வலையை உதறிக்கொண்டிருந்த பெண்களிடம் அக்கா பேசிவிட்டு வந்தார். நிறைமாசக்காரி ஒருத்தியும் அதில் இருந்தாள். வலி எடுத்தால் எங்கே போவாய், யார் கூட வருவார், ராத்திரியில் வண்டிக்கு யார் போன் செய்வார் என்று அக்கா வரிசையாகக் கேட்க, அவளும் யோசிக்காமல் பதில் சொன்னாள். பிக்மி நம்பரைக்கூட மனப்பாடமாக ஒப்பித்தாள். கர்ப்பத்தைப் பதிந்தால் கிடைக்கும் பன்னிரண்டு இலக்க எண் அது. அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும் என்பது கரை முழுக்கத் தெரிந்திருக்கிறது.

இன்று பார்த்ததில் முக்கியமானது ஒரு குளிர்பெட்டி. தடுப்பூசி வைக்கும் அந்தப் பெட்டியை ஐ.எல்.ஆர் என்பார்கள். அதன் மூடியில் வெப்பநிலை எழுதும் தாள் ஒட்டியிருந்தது. காலை 4 டிகிரி, மாலை 5 டிகிரி. காலை 4, மாலை 6. ஒரு நாள்கூட விடுபடவில்லை. பிரசவ அறையின் சிறு ஃபிரிட்ஜிலும் அதே தாள், அதே கையெழுத்து. உள்ளே ஆக்சிடோசின் குப்பிகள். பிரசவமானதும் கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் நிற்க ஒவ்வொரு தாய்க்கும் போடுகிற ஊசி. 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் வைக்க வேண்டிய மருந்து. சூட்டில் கிடந்தால் வீரியம் குறையும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஊசி போட்டாயிற்று என்று நர்ஸ் நிம்மதியாக இருப்பார், ரத்தம் நிற்காது.

இதற்காகவே சூடு தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 10 நாடுகளில் கிட்டத்தட்ட 30,000 பெண்களிடம் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டது. ரத்தப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடோசினுக்கு இது குறைந்ததல்ல என்று தெரிந்தது. 2019இல் அந்த நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறியது. தயாரிப்பு நிறுவனம் ஏழை நாடுகளின் அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு குப்பியைச் சுமார் 0.31 டாலருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது. ஆராய்ச்சிக்குப் பணம் தரும்போதே விலையையும் பேசி முடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நாங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஆனால் அந்த மருந்து வந்தாலும் இந்த ஃபிரிட்ஜ் வேண்டும். வலி வரவைக்கவும், தொடங்கிவிட்ட ரத்தப்போக்கை நிறுத்தவும் ஆக்சிடோசின்தான். அதனால் இந்த ஊரில் என்னிடம் பணம் இருந்தால் முதலில் ஃபிரிட்ஜுக்கு ஒரு நல்ல ஸ்டெபிலைசரும், பழுது பார்க்க வருபவருக்கு வருஷ ஒப்பந்தமும் போடுவேன்.

சாயங்காலம் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடித்தோம்.

புதன், ராமநாதபுரம்

மாவட்ட மருத்துவமனை இப்போது மருத்துவக் கல்லூரியுடன் இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் இதுவும் ஒன்று. ஏழாம் மாதத்தில் வலி எடுத்தாலே மதுரைக்கு ஓட வேண்டும் என்றிருந்த ஊருக்கு இது எவ்வளவு பெரிது என்பதை, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்சில் குழந்தையை மடியில் வைத்துப் போனவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நான் நெருங்கிப் பார்த்தது ஒரு பாட்டியை. பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பேத்தி ஒன்றேகால் கிலோவில் பிறந்திருக்கிறாள். மகள் உள்ளே குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டிருக்கிறாள்; அவள் குளித்துச் சாப்பிட்டு வரும் நேரத்துக்கு இவர் நெஞ்சில் கட்டிக்கொள்கிறார். சேலையை விலக்கி எனக்குக் காட்டினார். மார்பில் குழந்தையின் கன்னம் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. "முதல்ல கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாக. இப்ப என்கிட்டயே குடுத்துட்டாக. அம்மா சூடு, ஆச்சி சூடு ரெண்டும் ஒண்ணுதானாம்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இப்படிக் குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. இன்குபேட்டர் போதவில்லை, ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள், தொற்று. அதனால் தாயின் தோலோடு சேர்த்துக் கட்டினார். 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு இன்னும் ஒரு படி போனது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் 3,211 எடை குறைந்த குழந்தைகள். நிலைமை சீராகட்டும் என்று காத்திருக்காமல், பிறந்தவுடனேயே தாயிடம் கொடுத்தார்கள். 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்துக்குப் பதில் 12 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

இந்த முறை தெரிந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் உலகில் பெரும்பாலான குறைமாதக் குழந்தைகளுக்கு இது கிடைப்பதில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே அந்த வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதில் விற்க ஒரு பொருள் இல்லை. விற்பவர் இல்லாத இடத்தில் எடுத்துச்சொல்லி, பயிற்சி கொடுத்து, மறுபடி போய்ப் பார்ப்பவரும் இல்லை. சூடு காக்கும் பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் ஸ்டான்ஃபோர்டு வகுப்பறையில் பிறந்த எம்பிரேஸ் என்ற பை நல்ல கருவி. மெழுகை உருக்கி 37 டிகிரியில் மணிக்கணக்கில் நிற்க வைக்கிறது. அதற்கு நிறுவனமும் நன்கொடையாளரும் கிடைத்தார்கள். அந்த ஆச்சியின் நெஞ்சுக்கு யார் கிடைப்பார்கள்?

கங்காரு முறைக்குச் செலவே இல்லை என்பதும் தப்பு. சாய்ந்து உட்கார நாற்காலி வேண்டும், தாய்க்குக் குழந்தைக்குப் பக்கத்திலேயே கட்டில் வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும். அறுவை முடிந்த தாயையும் குழந்தையையும் ஒரே அறையில் பார்க்க நர்ஸ்கள் வேண்டும். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் பணம் கேட்டு எனக்கு இதுவரை ஒரு விண்ணப்பமும் வந்ததில்லை. வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

சென்னையில் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் போன்றவர்கள் குழந்தைகளுக்கான கருவிகளை இங்கேயே செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலைக்கு வைக்கும் நீல விளக்கில் பிரில்லியன்ஸ் என்பதை அமெரிக்காவின் டி-ரெவ் நிறுவனம் வடிவமைத்தது. தயாரித்து விற்கும் உரிமையை இவர்களுக்குக் கொடுத்தது. பல்பு போனால் போன் செய்ய இந்த ஊர் நேரத்துக்கு ஆள் இருக்கும் கருவிதான் நிலைக்கும்.

வியாழன், மண்டபம், பாம்பன்

அக்காவின் ஊருக்கு வந்தாயிற்று. பாலத்தில் காற்று பேருந்தையே தள்ளியது. 1914இல் ரயில் பாலம். சாலைப் பாலம் 1988இல்தான். பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம், நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கும்.

"நான் வேலைக்கு வந்தப்ப இந்த ரோடு இல்ல. ராத்திரி உதிரப்போக்குன்னா காலை ரயிலுக்குக் காத்திருக்கணும். ஒருத்தி என் கையிலயே போயிட்டா. பேரு, ஊரு, அன்னைக்குக் கட்டியிருந்த சேலை எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றார் அக்கா. பாலம் முடியும்வரை இருவரும் பேசவில்லை.

பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தம் போனால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போகலாம். தீவிலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த இடைவெளிக்கான ஒரு கருவியை ஒரு நிலையத்தில் எடுத்துக் காட்டினார்கள். கணுக்காலிலிருந்து வயிறு வரை இறுக்கிக் கட்டும் ரப்பர் துணி உடை. நாசாவின் ஆய்விலிருந்து வந்த யோசனை. காலிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு பட்டையாக இழுத்து ஒட்ட வேண்டும். ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் திரும்பும். பெரிய மருத்துவமனை போய்ச் சேரும்வரை நேரம் வாங்கித் தரும் உடை. உலக சுகாதார நிறுவனம் 2012இல் இதைத் தற்காலிக ஏற்பாடாகப் பரிந்துரைத்தது.

நர்ஸ் உடையை மேசையில் விரித்து எனக்குக் கட்டிக் காட்டினார். கீழ்ப்பட்டை ஒட்டவில்லை. ஒட்டும் பக்கத்தில் மணலும் நூலும் ஏறியிருந்தன. ஊசியால் ஒவ்வொரு நூலாக எடுத்த பிறகு சரியாகப் பிடித்தது. இரண்டாவது கேள்வி அதைவிடப் பெரியது. தாயோடு உடை ராமநாதபுரம் போய்விட்டால், துவைத்துத் திரும்ப யார் கொண்டுவருவது? இங்கே 108 வண்டி ஓட்டுநர் ஒருவர் அடுத்த நடையில் கொண்டுவந்து விடுகிறார். அது அவர் குணம். அவர் மாற்றலாகிப் போனால்? எந்தத் திட்ட அறிக்கையிலும் 'திரும்பி வரும் செலவு' என்று ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

வெள்ளி, தங்கச்சிமடம், ராமேஸ்வரம்

பகலில் தனுஷ்கோடிவரை போய் வந்தோம். 1964 டிசம்பர் புயலில் போன ஊர். ஆண் கடலும் பெண் கடலும் சேரும் முனையில் மணல் பறந்து கண்ணைத் திறக்க முடியவில்லை, திரும்பிவிட்டோம்.

மத்தியானம் தங்கச்சிமடத்தில் அக்காவின் பழைய தோழிகள், பணியிலிருக்கும் நர்ஸ்கள் சிலர், வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்தேன். தாயின் இடுப்புக்குக் கீழே விரித்தால் ரத்தம் அடியிலுள்ள பையில் இறங்கும். பையில் மில்லி கணக்குக் கோடுகள். அவ்வளவுதான் கருவி. அக்கா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பாய்மேல் பழைய சேலையில் ஊற்றி, "எவ்வளவு இருக்கும், சொல்லுங்கடி" என்றார். ஒருத்தி 300 என்றாள், ஒருத்தி 400. அதே அளவை மறுபடி விரிப்பில் ஊற்றினோம். 650. யாரும் பேசவில்லை. கண் திட்டம் நம்மை அவ்வளவு ஏமாற்றும்.

பர்மிங்காம் பல்கலைக்கழகம் நடத்திய ஈ-மோடிவ் ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. கென்யா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள். விரிப்பால் அளப்பது, அளவு தாண்டினால் மசாஜ், ஊசிமருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட், சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்காமல் ஒரே மூச்சில் தொடங்குவது. 2023இல் முடிவு வந்தது: கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான அறுவை, மரணம் சேர்ந்த கணக்கு 4.3 சதவீதத்துக்குப் பதில் 1.6. ரத்தப்போக்கைக் கண்டுபிடித்தது 51க்குப் பதில் 93 சதவீதம். கேட்ஸ் அறக்கட்டளை பணம் கொடுத்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 120 நிலையங்களில், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில், பாதுகாப்பான பிரசவத்துக்கான சரிபார்ப்புத் தாளையும் கூடவே பயிற்சியாளரையும் கொடுத்துப் பார்த்தார்கள். நர்ஸ்களின் வேலைமுறை நன்றாகவே மாறியது. இறப்பு குறையவில்லை. 2017இல் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அதற்காகவே அவர்களை மதிக்கிறேன். தாள் ஞாபகப்படுத்தும். மருந்தும் ரத்தமும் அறுவை அறையும் வேறு எங்கிருந்தாவது வரவேண்டும்.

"விரிப்பு நல்லாருக்கு. ஒரு தடவைதான பயன்படுத்தலாம்? அடுத்த மாசம் யார் தருவா?" என்று இளைய நர்ஸ் கேட்டாள். இண்டென்ட் கேள்வி திரும்ப வந்துவிட்டது.

ராத்திரி ராமேஸ்வரம் துறையில் விசைப்படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் ஒருவரிடம் பேச்சு நீண்டது. ஹோர்ஹே ஓடோன் பற்றிச் சொன்னேன். அர்ஜென்டினாவில் கார் மெக்கானிக். பாட்டிலுக்குள் விழுந்த கார்க்கைப் பிளாஸ்டிக் பையை ஊதி வெளியே எடுக்கும் வித்தையைப் பார்த்து, சிக்கிய குழந்தையின் தலையை எடுக்க ஒரு கருவி யோசித்தார். உலக சுகாதார நிறுவனம் கூடவே நின்றது. 2013இல் ஒரு பெரிய நிறுவனம் உரிமம் வாங்கியது. இந்த மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இங்க ஆஸ்பத்திரியில இருக்குமா?" என்றார். இல்லை, இன்னும் வரவில்லை என்றேன். யோசனையிலிருந்து பிரசவ அறைக்கு வரும் வழியில் சோதனை, உரிமம், தயாரிப்பு, விலை என்று எத்தனை சுங்கச்சாவடிகள் என்பது அவருக்கு உடனே புரிந்தது. புது இன்ஜினுக்கு உதிரி கிடைக்காமல் மூன்று வாரம் படகு கரையில் கிடந்ததாம்.

சனி, கீழக்கரை

தென்கடல் பக்கம் வந்துவிட்டோம். வளைகுடாப் பணம் வரும் ஊர், பிரசவத்துக்குத் தனியார் மருத்துவமனைகளை நாடுவோர் அதிகம். தேசிய குடும்ப நல ஐந்தாம் ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியாரில் 63.8. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கத்தி வேண்டிய இடத்தில் கிடைக்காததும் தப்பு, வேண்டாத இடத்தில் வைப்பதும் தப்பு. இரண்டாவதைச் சரிசெய்ய யாரும் புதுமைப் பரிசு அறிவிப்பதில்லை.

சிறு தனியார் மருத்துவமனைகளின் தரத்தை உயர்த்த ராஜஸ்தானில் 2018இல் ஒரு வழி முயன்றார்கள். உத்கிருஷ்ட் என்ற பலன் பத்திரம். ஒரு முதலீட்டாளர் முதலில் பணம் போடுகிறார். மருத்துவமனைகள் தரச் சான்றுக்குத் தயாராகிவிட்டன என்று தனியாக ஒருவர் சரிபார்த்தால்தான் நன்கொடையாளர்கள் அதைத் திருப்பித் தருவார்கள். யூ.பி.எஸ் ஆப்டிமஸ் முதலீட்டாளர், அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டும் எம்.எஸ்.டி ஃபார் மதர்ஸும் நன்கொடையாளர்கள். கணக்குப் போடவும் சரிபார்க்கவுமே நிறையச் செலவாகும் முறை. எங்களைப் போன்ற சிறியவர்களுக்குச் சரிவராது என்பது என் எண்ணம். ஆனால் 'பயிற்சி கொடுத்தோம்' என்பதற்கல்ல, 'நடந்தது' என்பதற்கே பணம் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை முதல் தேதியோடு இல்லாமல் போனது. 2011இல் நார்வே, கேட்ஸ், உலக வங்கி, கனடாவின் கிராண்ட் சேலஞ்சஸ் ஆகியவற்றோடு சேர்ந்து பிரசவநேர உயிர்காப்புக் கண்டுபிடிப்புகளுக்கு விதைப்பணம் தந்த நிறுவனம் அது. பணம் தருபவர் ஒரே ராத்திரியில் காணாமல் போகலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஞாயிறு, சாயல்குடி

வாலிநோக்கம் உப்பளங்களைத் தாண்டி, பனையும் சீமைக்கருவேலமும் நிறைந்த வழி. விடுமுறை என்றாலும் ஒரு கிராம சுகாதார செவிலியர் வீட்டுப் பார்வைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பிறந்து ஏழாம் நாள் குழந்தை. கூடவே போனோம். எடை போட்டார், மூச்சை ஒரு நிமிஷம் முழுதாக எண்ணினார், தொப்புளைப் பார்த்தார், பால் குடிப்பதைப் பார்த்தார். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 39 கிராமங்களில் செய்து காட்டி, 1999இல் வெளியிட்டது இதைத்தான். பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது. 2011இல் இந்திய அரசு நாடு முழுக்க எடுத்துக்கொண்டது. நடுவில் பன்னிரண்டு வருஷம். அந்த இடைவெளியைச் சுருக்கத்தான் எங்களைப் போன்றவர்களின் பணம் போக வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இன்னொரு மாதிரிக் கருவிக்கு அல்ல. ஏற்கெனவே நிரூபணமான ஒன்றை அரசுப் பட்டியலில் ஏற்றும்வரை ஆகும் விலைக்கணக்கு, பயிற்சி, முதல் இரண்டு வருஷக் கையிருப்பு ஆகியவற்றுக்கு.

குழந்தையின் தாய் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். கண் இமை வெளுத்திருந்தது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்பதை எண்ணாகவே படித்திருந்தேன். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2018இல் 18,000 ஆனது. அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். இவளுக்குப் பெட்டகம் வந்திருக்கிறது. பேரீச்சம்பழத்தை மூத்த பிள்ளை தின்றுவிட்டான் என்றாள். அக்கா திட்டவில்லை. முருங்கைக்கீரை இருக்கிறதா என்று கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார்.

செவிலியர் பையிலிருந்து ஹீமோகுளோபின் பார்க்கும் சிறு மீட்டரை எடுத்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு, சில நொடியில் எண். 8.2. திங்கட்கிழமை வந்து இரும்புச்சத்து ஊசி ஏற்றிக்கொள் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். பிறகு டப்பாவைத் திறந்து எனக்குக் காட்டினார். ஸ்டிரிப் நாலுதான் மிச்சம். மீட்டர் ஒரு திட்டத்தில் வந்தது, ஸ்டிரிப் அதே கம்பெனியுடையதுதான் பொருந்தும்.

மாடல் எண்ணை எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் விண்ணப்பக் குழு கூடுகிறது. படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்க்கச் சொல்லப் போகிறேன்: இந்தப் பொருள் எந்த வருஷம் அரசு இண்டென்டில் ஏறும், அதுவரை அதன் உதிரியும் ஸ்டிரிப்பும் யார் செலவு? சாயல்குடிக்கு ஒரு வருஷத்துக்கு எத்தனை ஸ்டிரிப் வேண்டும் என்று செவிலியர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். மதுரை வண்டி நாலரைக்கு.